ஆர்ல் ஊர்ல ஒரு நாள்: ரோம் பாத்தவங்களுக்கு அங்க என்ன இருக்கு?

22 மார்ச் 2024, கேள்வி

ஏப்ரல் நடுவுல ஆபீஸ் வேலையா மார்செய் வரேன். 16-ஆம் தேதி முழுசா ஃப்ரீ. தெற்கு பிரான்ஸ்ல இருக்குற ஆர்ல் அங்கேர்ந்து பக்கம்தான், ட்ரெயின்ல ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடலாம்னு சொல்றாங்க. ஆனா எனக்கு மனசு ஒட்டல. ரோம்ல கொலோசியம் பாத்தாச்சு, ஆர்ல்ல இருக்குற ரோமானிய அரங்கம் அதோட சின்ன காப்பி. ஓவியர் வான்கோ ஊருன்னு பேரு, ஆனா அவரோட ஓவியம் ஒண்ணு கூட ஊர் மியூசியத்துக்குச் சொந்தமா இல்லியாம். இதுக்கு ரெண்டு மணி நேர கைடட் டூர் வேற. வேஸ்ட்டுன்னு நான் சொல்றேன். போனவங்க யாராவது மாத்திச் சொல்ல முடியுமா?

22 மார்ச், ராத்திரி 11.10

நான் மாத்திச் சொல்றேன் தம்பி. நீங்க சொன்ன ரெண்டும் உண்மைதான், ஆனா போங்க.

எனக்கு சொந்த ஊரு அரியாங்குப்பம், பாரிஸ் பக்கத்துல 19 வருஷமா இருக்கேன். போன அக்டோபர்ல அம்மாவக் கூட்டிக்கிட்டு ஆர்ல் போனேன். அம்மாவுக்கு 71, முட்டி வலி உண்டு, அதனால நாமளா சுத்தி அலைய வேணாம்னு கைடட் டூர் புக் பண்ணேன். கைடு அம்மா ஒருத்தவங்க வந்தாங்க, அந்த ஊர்லயே பொறந்தவங்க, அவங்க மொதல்ல எங்கள அரங்கத்துக்குக் கூட்டிட்டுப் போகல. ஃபோரம் சதுக்கத்துல ஒரு ஓட்டல் செவுத்து முன்னாடி நிறுத்துனாங்க. சாதாரண ஓட்டல் செவுரு, அதுல மூலையில உச்சியில இலை செதுக்குன கொரிந்தியன் தூணு ரெண்டு, மேல உடைஞ்ச முகப்புக் கல்லு, எல்லாம் செவுத்தோட செவுரா பூசி நிக்குது. ரோமானியர் கட்டடத்துல மிச்சம் இருந்தத இடிக்காம அது மேலயே வீட்டக் கட்டிக்கிட்டாங்க. பக்கத்துலயே காப்பி குடிக்கிறவங்க, சைக்கிள சாத்தி வச்சிருக்கிறவங்க. யாரும் நின்னு பாக்கல.

அம்மா கிட்டப் போய் தூணத் தொட்டுப் பாத்தாங்க. "கோயில் தூணு வீட்டுத் திண்ணைக்கு வந்துடுச்சு"ன்னாங்க. எனக்கு அந்த ஊரே அந்த ஒரு வார்த்தையில புரிஞ்சுது.

அதுக்கப்புறம் அரங்கம். கி.பி. 90 வாக்குல கட்டுனது, கொலோசியம் திறந்து பத்து வருஷம் போல கழிச்சு. 136 மீட்டர் நீளம், 107 மீட்டர் அகலம், 60 வளைவு, சுமார் 20,000 பேர் உக்காரலாம். கொலோசியம் 188 மீட்டர், அதுக்கு இது சின்னதுதான். ஆனா ரோம்ல நீங்க பாத்தது வெறும் எலும்புக்கூடு. இங்க இன்னிக்கும் ஜனங்க டிக்கெட் வாங்கிட்டு வந்து உக்காந்து கத்துறாங்க.

23 மார்ச், காலை

மேல ஒரு தப்பு. 60 வளைவுன்னு போட்டுட்டேன், ஒரு அடுக்குக்கு 60, ரெண்டு அடுக்கு, ஆக 120. சுட்டிக்காட்டுனவருக்கு நன்றி.

23 மார்ச், மதியம் 2.30

"அரங்கத்து மேல அந்த சதுர கோபுரம் எதுக்கு, ரோமானிய ஸ்டைல் மாதிரி இல்லியே"ன்னு கேட்டிருக்கீங்க. அது ரோமானியர் கட்டுனது இல்ல. இத எழுதாம விட்டது என் தப்பு, ஏன்னா எனக்கு அங்க ரொம்பப் பிடிச்ச விஷயமே அதுதான்.

ரோம் சாம்ராஜ்யம் சரிஞ்ச பிறகு ஊர்க்காரங்களுக்குப் பாதுகாப்பு இல்ல. இவ்ளோ பெரிய கல்லு வளையம் சும்மா நிக்குதே, அதுக்குள்ள போயிட்டாங்க. வளைவ அடைச்சாங்க, நாலு கோபுரம் கட்டுனாங்க (இப்ப மூணு இருக்கு), உள்ள 200-க்கு மேல வீடு, ரெண்டு சின்ன சர்ச். அரங்கமே ஒரு கோட்டை ஊரா ஆயிடுச்சு. பல நூறு வருஷம் அப்படியே குடியிருந்தாங்க. 1820-கள்லதான் வீடுகள ஒவ்வொண்ணா கையகப்படுத்தி இடிக்க ஆரம்பிச்சாங்க.

கைடு இத சொன்னதும் அம்மா கேட்ட மொத கேள்வி, "அப்ப அந்த ஜனங்க எங்க போனாங்க?" எங்க குரூப்ல வேற யாரும் இத கேக்கல. கைடு அம்மா ஒரு செகண்ட் நின்னுட்டு, ஒரே நாள்ல துரத்தல, வருஷக்கணக்கா வீடு வீடா விலை பேசி வாங்குனாங்க, கடைசி வரைக்கும் கிளம்பாதவங்களும் இருந்தாங்கன்னாங்க. வளைவுக்குள்ள ஒரு இடத்துல செவுத்துல சதுரமா குழி குழியா இருக்கும், உத்தரம் சொருகுன குழின்னு கை காட்டுனாங்க. நான் விரல விட்டுப் பாத்தேன், உள்ள வழுவழுன்னு இருந்துச்சு. யாரோ ஒருத்தர் வீட்டு மாடி அது மேல நின்னிருக்கு.

24 மார்ச்

வான்கோ விஷயத்துக்கு வரேன். 1888 பிப்ரவரி 20-ல வந்தார், 1889 மே மாசம் கிளம்பி சேன் ரெமி ஆஸ்பத்திரிக்குப் போனார். 15 மாசம் கூட முழுசா இல்ல. அதுக்குள்ள கிட்டத்தட்ட 200 ஓவியம், 100-க்கு மேல ட்ராயிங். சூரியகாந்தி, அவரு குடியிருந்த மஞ்ச வீடு, படுக்கையறை, ஃபோரம் சதுக்கத்து ராத்திரி கஃபே, பில்லியர்ட்ஸ் டேபிளோட இருக்கே அந்த கஃபே, எல்லாம் அங்க போட்டது. அத்தனையும் ஊர விட்டுப் போயிடுச்சு. ஆம்ஸ்டர்டாம், லண்டன், பாரிஸ், மாஸ்கோ.

அவரே அறுத்துக்கிட்ட காதுக்கு வைத்தியம் பாத்த டாக்டர் ஃபெலிக்ஸ் ரே, அவருக்கு நன்றியா ஒரு உருவப்படம் போட்டுக் குடுத்தார். டாக்டர் வீட்டுல யாருக்கும் அது பிடிக்கல, கோழிக்கூண்டுல இருந்த ஓட்டைய அடைக்க வச்சாங்க. இப்ப மாஸ்கோ புஷ்கின் மியூசியத்துல இருக்கு. அக்கம்பக்கத்துல 30 பேர் போல கையெழுத்துப் போட்டு இந்தாள வெளிய விடக்கூடாதுன்னு மேயர்கிட்ட மனு குடுத்தாங்க. இன்னிக்கு அதே ஊர்ல அவரு படம் வரையுற ஸ்டாண்ட் வச்ச இடத்துல எல்லாம் பலகை நட்டு ஓவியத்தோட பிரிண்ட் வச்சிருக்காங்க.

எனக்கு மொதல்ல அந்தப் பலகை எல்லாம் எரிச்சலா இருந்துச்சு, ஒத்துக்கறேன். ஓவியம் இல்லாத ஊர்ல ஓவியத்தோட போட்டோ. ஆனா லமார்த்தின் சதுக்கத்துல நின்னப்ப மனசு மாறுச்சு. மஞ்ச வீடு அங்கதான் இருந்துச்சு, 1944 ஜூன் மாசம் நேச நாட்டு விமானங்க குண்டு போட்டப்ப சிதைஞ்சு போச்சு. ஆனா ஓவியத்துல மஞ்ச வீட்டுக்குப் பின்னால ஒரு நாலு மாடி வீடு தெரியும்ல, அது இன்னும் நிக்குது. ரயில் பாலமும் இருக்கு. பலகையப் பாத்து, நிமிந்து எதிர பாத்து, திரும்ப பலகையப் பாத்து, நடுவுல ஒரு வீடு மட்டும் காணோம். நான் பத்து நிமிஷம் அப்படியே நின்னேன். பஸ்ஸு வந்து போகுது, வண்டி ரவுண்டானா சுத்துது, அம்மா "என்னடா தேடுற"ன்னாங்க.

24 மார்ச், கொஞ்சம் கழிச்சு

ரெண்டு கஃபேயையும் நான் ஒண்ணா கலந்து எழுதுன மாதிரி வந்துடுச்சு. பில்லியர்ட்ஸ் டேபிள் இருக்குறது லமார்த்தின் சதுக்கத்து கஃபே, அது இப்ப இல்ல, ஓவியம் அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல. நட்சத்திரம் தெரியுற வெளித்திண்ணை கஃபே தான் ஃபோரம் சதுக்கத்துல, ஓவியம் நெதர்லாந்துல. இன்னொண்ணு, அந்த கஃபே செவுரு இன்னிக்கு மஞ்சளா இருக்கே, அது ஓவியத்தப் பாத்து பின்னால அடிச்ச பெயிண்ட். அன்னிக்கு கேஸ் விளக்கு வெளிச்சம் விழுந்து அவரு கண்ணுக்கு மஞ்சளா தெரிஞ்சுது.

26 மார்ச்

கைடட் டூர் வேணுமா வேணாமான்னு நேரா பதில் கேட்டிருக்கீங்க.

வேணும். ஆனா புக் பண்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க: எத்தனை பேரு குரூப்ல, எந்த இடத்துக்கெல்லாம் உள்ள போறோம், டிக்கெட் சேர்த்தியா. நான் கேக்கல. 15 பேருன்னு போட்டிருந்தான், 30 பேர் நின்னோம். பாதாள மண்டபம் லிஸ்ட்ல இருந்துச்சு, அன்னிக்குக் காலையில "நேரம் இல்ல"ன்னு எடுத்துட்டாங்க. கைடு மேல ஒரு குறையும் இல்ல, அவங்களுக்கே மூஞ்சி வாடிப் போச்சு, தப்பு புக்கிங் எடுத்த கம்பெனி மேல. அம்மாவ வச்சிக்கிட்டு சண்டை போட மனசு வரல. பணம் திருப்பிக் கேட்டு ரெண்டு மெயில் போட்டேன், பதில் இல்ல.

நல்லதாப் போச்சுன்னு இப்ப தோணுது. ஏன்னா மறுநாள் நாங்களே தனியா அந்தப் பாதாளத்துக்குப் போனோம், 30 பேரோட போயிருந்தா அந்த இருட்டு கிடைச்சிருக்காது.

26 மார்ச், ராத்திரி 12.20

தூக்கம் வரல, அந்தப் பாதாள மண்டபத்தப் பத்தி எழுதிடறேன்.

நகரசபைக் கட்டடத்துக்குள்ள போய் படி இறங்கணும். ஊரு சரிவான இடத்துல இருக்கு, ஆனா ரோமானியருக்கு சமதரையா ஃபோரம், அதாவது ஊர்ப் பொதுச் சதுக்கம், வேணும். அதனால பள்ளமான பக்கத்துல பூமிக்கடியில வளைவு வளைவா கட்டி அது மேல தளத்தப் போட்டாங்க. ப வடிவத்துல மூணு பக்கம், ஒவ்வொரு பக்கமும் ரெட்டை ரெட்டையா நடைபாதை, கிட்டத்தட்ட 90 மீட்டருக்கு 60 மீட்டர். கி.மு. முதல் நூற்றாண்டு.

கீழ இறங்குனதும் வெளிய இருந்த வெயிலு, சத்தம், எல்லாம் நின்னு போச்சு. தரை ஈரம். எங்கேயோ ஒரு சொட்டுத் தண்ணி விழுது, கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு சொட்டு. வளைவுக்கப்புறம் வளைவு, ஒவ்வொண்ணும் ஒரே அளவு, லைட்டு போகப் போக மங்குது. கல்லு கல்லா அடுக்குனது, தட்டுனா சத்தமே இல்ல, அவ்ளோ கெட்டி. அம்மா என் முழங்கையப் பிடிச்சிக்கிட்டு மெல்ல நடந்தாங்க. நம்ம தலைக்கு மேல ஒரு ஊரே டிஃபன் சாப்பிட்டுக்கிட்டு இருக்குன்னு நெனச்சா ஒரு மாதிரி இருந்துச்சு.

தானியக் கிடங்கா இருந்துச்சுன்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அந்த ஈரத்த மூக்குல பிடிச்சவங்க யாரும் அத நம்ப மாட்டாங்க, ஒரே வாரத்துல கோதுமை முளைச்சிடும். மேல இருக்குற தளத்தத் தாங்குறதுதான் அதோட வேலைன்னு இப்ப சொல்றாங்க. பிற்காலத்துல மேல வீடு கட்டுனவங்க இத ஆளுக்குக் கொஞ்சம் தடுத்து நிலவறையா வச்சிக்கிட்டாங்க.

இத எழுதும்போதுதான் ஒண்ணு தோணுது. இந்த ஊர்ல எது எதெல்லாம் ஜனங்க புழங்குனாங்களோ அது மிஞ்சியிருக்கு. அரங்கத்துல குடியிருந்தாங்க, மிஞ்சுது. பாதாளத்துல சாமான் வச்சாங்க, மிஞ்சுது. தூணு ஓட்டல் செவுரு ஆச்சு, மிஞ்சுது. அழகா இருந்து, தூக்கிட்டுப் போற அளவுல இருந்ததெல்லாம் போயிடுச்சு.

28 மார்ச்

"புழங்குனா மிஞ்சும்னா பக்கத்துல இருக்குற நாடக அரங்கு ஏன் அழிஞ்சுது, அதையும்தான் புழங்குனாங்க"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். நல்ல அடி. யோசிச்சேன்.

அந்த நாடக அரங்கு ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் காலத்துது, பெரிய அரங்கத்த விட 100 வருஷம் போல மூத்தது, சுமார் 10,000 பேருக்கு. அத கல்லு வெட்டுற குவாரியா ஆக்கிட்டாங்க, சர்ச் கட்ட, மதிலு கட்ட, வீடு கட்ட. இப்ப மேடையில ரெண்டே ரெண்டு முழுத் தூணு நிக்குது. ஊர்க்காரங்க அதுக்கு வச்ச பேரு "ரெண்டு விதவைங்க". இதக் கேட்டதும் அம்மா ஒண்ணும் பேசல. அப்பா தவறி அப்ப நாலு வருஷம். கொஞ்ச நேரம் எதிர இருந்த படியில உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாங்க, நானும் கூட உக்காந்தேன்.

அதனால நான் சொன்னத திருத்திக்கறேன். குடியிருந்தா மிஞ்சும், பிச்சு எடுத்தா மிஞ்சாது.

அங்கதான் 1651-ல ஒரு வீனஸ் சிலை கிடைச்சுது. 1683-ல ஊரு அத பதினாலாம் லூயி ராஜாவுக்குக் குடுத்துடுச்சு. கை இல்லாம கிடைச்ச சிலை. ராஜாவோட சிற்பி ஜிரார்தோன் கைய ஒட்டி, ஒரு கையில ஆப்பிள், இன்னொண்ணுல கண்ணாடின்னு வச்சு, உடம்பையும் சீவிட்டார்னு சொல்றாங்க. அது இப்ப பாரிஸ் லூவ்ரு மியூசியத்துல. ஆர்ல்ல இருக்குறது அச்சு எடுத்த வார்ப்பு. நான் பாரிஸ்ல இருந்துகிட்டு லூவ்ருல அந்தச் சிலைய எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கேன், இந்த ஊரப் பாத்தப்புறம் தாண்டிப் போக முடியல.

31 மார்ச், ஈஸ்டர்

இன்னிக்கு அரங்கத்துல மாட்டுச் சண்டைத் திருவிழா. "இந்தக் கொடுமைய ஏன் பெருமையா எழுதறீங்க"ன்னு ஒரு அக்கா கோவப்பட்டிருக்காங்க. அக்கா, ரெண்டு வகை இருக்கு. ஈஸ்டருக்கும் செப்டம்பருக்கும் ஸ்பெயின் பாணியில நடக்குற திருவிழாவுல மாட்டக் கொல்றாங்க. எனக்கும் அது பிடிக்காது, நான் பாத்ததில்ல, பாக்கப் போறதும் இல்ல.

இன்னொண்ணு ஆர்லுக்குப் பக்கத்துல இருக்குற கமார்க் பகுதி ஆட்டம். மாட்டோட கொம்புல சின்னத் துணிக் குஞ்சம், நூலு, நெத்திப் பக்கம் ஒரு சிவப்புத் துண்டு கட்டி விடுவாங்க. வெள்ளை உடுப்பு போட்ட பசங்க கையில சின்ன கொக்கி வச்சிக்கிட்டு ஓடி ஓடி அத அறுத்து எடுக்கணும். மாட்டுக்கு ஒண்ணும் ஆகாது, பண்ணைக்குத் திரும்பிடும், இன்னொரு நாள் திரும்ப வரும். போஸ்டர்ல மாட்டோட பேரு தான் பெருசா இருக்கும், பசங்க பேரு சின்னதா கீழ. பேரு வாங்குன மாட்டுக்கு சிலை கூட வச்சிருக்காங்க அந்தப் பக்கம். கொம்புல சல்லிக்காசு கட்டி விட்ட ஊருலேர்ந்து வந்தவங்களுக்கு இதுக்கு மேல நான் விளக்க வேண்டியதில்ல. ஜூலை மொத திங்கக்கிழமை ஆர்ல் அரங்கத்துல பெரிய போட்டி.

2 ஏப்ரல்

மியூசியம். இத விட்டுட்டு வராதீங்க தம்பி, ஊருக்கு வெளிய ஆத்தோரமா நீலக்கலர் முக்கோணக் கட்டடம், 1995-ல திறந்தது, நடந்தே போலாம். ரோமானியர் குதிரை வண்டி ஓட்டப்பந்தய மைதானம் பக்கத்துலயே கட்டியிருக்காங்க. அந்த மைதானம் 450 மீட்டர் நீளம். சதுப்பு நிலம்கிறதால அடியில ஆயிரக்கணக்குல மரத்தூணு அடிச்சிருக்காங்க, அந்த மரத்தோட வளையத்த எண்ணித்தான் கி.பி. 149-ல கட்டுனதுன்னு கண்டுபிடிச்சாங்க. நடுவுல நின்ன தூபி தான் இப்ப நகரசபை முன்னாடி நிக்குது, 1676-ல தூக்கி நிறுத்துனது.

உள்ள எல்லாத்தையும் விட்டாலும் ஒண்ண விடாதீங்க, படகு. 31 மீட்டர் நீளம், தட்டை அடி, சரக்குப் படகு. 2004-ல ரோன் ஆத்துக்கடியில கண்டுபிடிச்சாங்க, 2011-ல பத்துத் துண்டா அறுத்து வெளிய எடுத்தாங்க, 2013-லேர்ந்து காட்சிக்கு இருக்கு. கடைசிப் பயணத்துல 20 டன்னுக்கு மேல சுண்ணாம்புக்கல்லு ஏத்தியிருந்துச்சு. மூழ்குனப்புறம் வண்டல் மூடிடுச்சு, அது மேல துறைமுகத்துக் குப்பை, உடைஞ்ச ஜாடி. அந்தக் குப்பை தான் படகக் காப்பாத்துச்சு. கிட்டத்தட்ட முழு மரமும் அப்படியே இருக்கு.

படகோட்டிங்க பின்னால சமையல் பண்ணிக்கிட்டாங்க. பெரிய மண் ஜாடிய பாதியா வெட்டி அதையே அடுப்பா வச்சிருக்காங்க. அதுல கரி ஏறுன கருப்பு நல்லாத் தெரியுது. முன்பக்கம் ரெண்டு மரத்துக்கு நடுவுல, படகு கட்டும்போதே, ஒரு வெள்ளிக்காசு வச்சு மூடியிருக்காங்க. அம்மா குனிஞ்சு பாத்துட்டு, "வாசக்கால் வைக்கும்போது நாம வைக்கல? அதேதான்"ன்னாங்க. யாரும் பாக்கப் போறதில்லன்னு தெரிஞ்சு ஒளிச்சு வச்ச காசு.

அடுத்த ஹால் முழுக்க ஆம்ஃபோரான்னு சொல்ற ரெண்டு கைப்பிடி மண் ஜாடிங்க, மது ஜாடி, எண்ணெய் ஜாடி, மீன் ரசம் ஊத்துன ஜாடி, ஆளுயரத்துக்கு அடுக்கி வச்சிருக்கு. எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு. எங்க ஊர்லேர்ந்து கூப்பிடு தூரம் அரிக்கமேடு, ரோமோட வியாபாரம் நடந்த பழைய துறைமுகம். சின்ன வயசுல புதுச்சேரி மியூசியத்துல இதே மாதிரி ஜாடியோட உடைஞ்ச கழுத்து, கைப்பிடி பாத்திருக்கேன், ஏதோ ஓட்டுத் துண்டுன்னு தாண்டிப் போயிருக்கேன். அது முழுசா இருந்தா இப்படித்தான் இருக்கும்னு 45 வயசுல ஆர்ல்ல தெரிஞ்சுது.

2 ஏப்ரல், கொஞ்ச நேரம் கழிச்சு

ஜூலியஸ் சீசர் தலை பத்தி எழுத மறந்துட்டேன். 2007-ல ஆத்துலேர்ந்து எடுத்த பளிங்குத் தலை, சீசர் உயிரோட இருந்தப்பவே செஞ்சது. சீசருக்கும் ஆர்லுக்கும் உறவு உண்டு, கி.மு. 49-ல மார்செய்ய முற்றுகை போட்டப்ப ஆர்ல் 30 நாள்ல 12 கப்பல் கட்டிக் குடுத்துச்சு, மூணு வருஷம் கழிச்சு ஆறாவது லெஜியன் (ரோமானியப் படைப்பிரிவு) வீரர்களுக்கு இங்க நிலம் குடுத்துக் குடியேத்துனாங்க.

3 ஏப்ரல்

"உயிரோட இருந்தப்பவே செஞ்சது"ன்னு அடிச்சுச் சொன்னது தப்பு. அது சீசரே இல்ல, அந்தக் காலத்துப் பெரிய மனுஷர் யாரோ, சீசர் மாதிரி முடி வெட்டிக்கிட்டவர்னு சொல்ற நிபுணர்கள் நிறைய பேர் இருக்காங்க. எனக்கு அது சீசரா இல்லியாங்கிறத விட அந்தக் கழுத்துச் சுருக்கம் பிடிச்சிருந்துச்சு. வயசான மனுஷன், கன்னம் ஒட்டி, நெத்தியில கோடு.

5 ஏப்ரல், அவசரம்

தம்பி! நீங்க சொன்ன 16-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை. மியூசியம் செவ்வாய் லீவு. இத்தனை எழுதிட்டு இத நான் பாக்கலியே. முடிஞ்சா 17-க்கு மாத்துங்க. மாத்த முடியலன்னா அலிஸ்கான் கல்லறைப் பாதையும் சேன் த்ரோஃபீம் சர்ச்சும் நிதானமா பாருங்க.

6 ஏப்ரல்

17-க்கு மாத்திட்டேன்னு எழுதியிருக்கீங்க, சந்தோஷம். ஆனாலும் அந்த ரெண்டையும் சொல்லிடறேன்.

சேன் த்ரோஃபீம் சர்ச் வாசல், 12-ஆம் நூற்றாண்டு கடைசி. ரோமானிய வெற்றி வளைவ மனசுல வச்சு செதுக்குன வாசல். நடுவுல இயேசு, சுத்தி நாலு நற்செய்தியாளர் சின்னம். வலது பக்கம் மேல ஒரு வரிசை இருக்கு, பாவிங்க சங்கிலியில கட்டுண்டு அம்மணமா நரகத்துக்கு நடக்குறாங்க. அந்த வரிசையில ஒவ்வொருத்தர் மூஞ்சியும் வேற வேற. கழுத்த வளைச்சுப் பாக்கணும், பாருங்க.

அலிஸ்கான், ஊருக்குத் தென்கிழக்குல, ரோமானியர் பெருவழியோரக் கல்லறை. ரெண்டு பக்கமும் கல்லு சவப்பெட்டி, மரம், கடைசியில பாதி கட்டுன சர்ச். புனிதமான இடம்னு நம்பி, மேல இருக்குற ஊர்க்காரங்க சவத்தப் பெட்டியில வச்சு, கூட அடக்கக் கூலியும் வச்சு, ரோன் ஆத்துல விட்டுடுவாங்களாம், ஆர்ல் வந்ததும் அது தானா நிக்குமாம். கதைதான். காசியில போய் சேரணும்னு எங்க பாட்டி சொல்லும், அந்த ஆசை அங்கயும் இருந்திருக்கு. பின்னால நல்ல நல்ல வேலைப்பாடு உள்ள பெட்டிய எல்லாம் ஊர்ப் பெரிய மனுஷங்க வந்து போன பிரபுக்களுக்குப் பரிசா தூக்கிக் குடுத்துட்டாங்க. 19-ஆம் நூற்றாண்டுல ரயில் வந்து பாதியத் தின்னுடுச்சு. மிச்சம் நிக்குறது வேலைப்பாடு இல்லாத மொழுக்கைப் பெட்டிங்க. 1888 அக்டோபர் கடைசியில வான்கோவும் அவரு நண்பர் ஓவியர் கோகனும் இங்கதான் ஒண்ணா உக்காந்து வரைஞ்சாங்க, கோகன் வந்து ஒரு வாரம் கூட ஆகல, ரெண்டு மாசத்துல அவங்க நட்பு உடைஞ்சு போச்சு. நாங்க போனதும் அக்டோபர் கடைசி. பெட்டிக்குள்ள மஞ்ச இலை நிரம்பிக் கிடந்துச்சு, அவரு போட்ட அதே மஞ்ச.

அந்த ரயிலோட பட்டறை இருந்த இடத்துலதான் இப்ப கட்டடக்கலைஞர் ஃப்ராங்க் கேரி வடிவமைச்ச லூமா கலை மையத்துக் கோபுரம், 56 மீட்டர், ஸ்டீல் தகடா மின்னுது. 2021-ல திறந்தாங்க. ஊருக்குப் பொருந்தலன்னு நிறைய பேர் திட்டுறாங்க. எனக்கு சாயங்கால வெயில்ல பிடிச்சுது, மதியம் கண்ணு கூசுது.

19 ஏப்ரல்

போயிட்டு வந்து எழுதுனதுக்கு நன்றி தம்பி. வெள்ளிக்காசப் பாத்தேன்னு எழுதியிருந்தீங்க, அம்மாகிட்ட படிச்சுக் காட்டுனேன். வான்கோ ஆஸ்பத்திரித் தோட்டத்த விட்டுட்டீங்க போல. அவரு ஓவியத்தையும் கடிதத்தையும் வச்சு அதே மாதிரி செடி நட்டு வச்சிருக்காங்க, கட்டடத்துல இப்ப ஊர் லைப்ரரி. பசங்க மாடி வராந்தாவுல உக்காந்து ஹோம்வர்க் பண்ணுவாங்க. அதுவும் குடியிருக்குற கணக்குல சேரும்.

14 ஜூலை 2024

பழைய இழைய மேல தூக்குறேன். ஒரு விஷயம் சொல்லணும்.

"ரோன் ஆத்து மேல நட்சத்திர ராத்திரி", 1888 செப்டம்பர்ல ஆர்ல் ஆத்தங்கரையில போட்டது, பாரிஸ் ஓர்சே மியூசியத்துல இருக்குறது, அத இந்தக் கோடைக்கு ஆர்ல் வான்கோ ஃபவுண்டேஷனுக்கு அனுப்பியிருக்காங்க. 136 வருஷம் கழிச்சு ஊருக்கு வந்திருக்கு. எனக்கு ஓர்சே அரை மணி நேரத் தூரம், நூறு தடவை பாத்திருக்கலாம். ஆனா அத ஆர்ல்ல பாக்கணும்னு அம்மாவக் கூட்டிக்கிட்டு போன சனிக்கிழமை போனேன்.

வரிசையில ஒரு மணி நேரம். பக்கத்துல நின்ன உள்ளூர்ப் பெரியவர் ஒருத்தர் சட்டை இஸ்திரி போட்டு, தலை வாரி, கல்யாணத்துக்கு வந்த மாதிரி வந்திருந்தார். உள்ள போனா எதிர்பாத்தத விடச் சின்ன ஓவியம். கேஸ் விளக்கு ஒவ்வொண்ணோட நிழலும் தண்ணியில மஞ்சளா இறங்குதுல்ல, அந்தப் பெயிண்ட் தடிமனா வரப்பு மாதிரி நிக்குது, பிரஷ்ஷோட மயிர் பட்ட கோடு கூட தெரியுது. கீழ வலது மூலையில ஒரு ஜோடி கைகோத்து நிக்குது. மேல வானத்துல சப்தரிஷி மண்டலம், ஏழும் ஏழு பூ மாதிரி.

ராத்திரி பத்தரைக்கு மேல அம்மாவ அதே கரைக்கு நடத்திக் கூட்டிட்டுப் போனேன். காத்து அடங்கியிருந்துச்சு. ஆறு வளையுற இடம், எதிர ஊரு விளக்கு, எல்லாம் சரியா இருக்கு. வானத்துல மட்டும் அந்த ஏழ காணோம். நான் தேடிக்கிட்டே இருந்தேன். ஓவியம் தென்மேற்கப் பாத்து போட்டது, அந்தப் பக்கம் சப்தரிஷி வரவே வராதுன்னு எனக்கு அப்ப உறைக்கல. அம்மா மெல்லத் திரும்பி, என் தோளப் பிடிச்சுத் திருப்பி, வலது பக்கம் முதுகுக்குப் பின்னால மேல கை காட்டுனாங்க.

"அங்க இருக்குடா. அவரு இப்படித் திரும்பிப் பாத்துட்டு, திரும்ப அப்படித் திரும்பி வரைஞ்சிருக்காரு."